மாடியில் சீமை அத்தி: குச்சியா, பதியனா, ஒட்டுக்கன்றா?

மாடித்தோட்டத்தில் கத்தரி, வெண்டை, கீரை என்று கைபழகியவர்களுக்கு அடுத்த ஆசை பழமரம்தான். அதிலும் சீமை அத்தி மீது இப்போது பலருக்கும் கண். நர்சரிக்குப் போனால் ஒருவர் ஒட்டுக்கன்றுதான் காய்க்கும் என்பார். அடுத்த கடைக்காரர் விண் பதியம்தான், அதாவது கிளையிலேயே வேர்விடவைத்து வெட்டிய கன்றுதான், சீக்கிரம் பலன் தரும் என்பார். இணையத்தில் விதைப் பொட்டலமும் விற்கிறது. அடுத்த தெருவில் அத்தி வைத்திருப்பவரோ, "கவாத்து பண்றப்ப நாலு குச்சி தர்றேன் தம்பி, ஊன்றிக்குங்க" என்கிறார். எந்த வழியில் போனாலும் கடைசியில் வரப்போவது அத்திமரம்தானே என்று தோன்றும். எப்போது காய்க்கும், காய்க்குமா காய்க்காதா, தொட்டிக்குள் எத்தனை வருடம் அடங்கி இருக்கும் என்று பார்த்தால் நான்கும் நான்கு விதம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொட்டியில் வளர்க்கும் சீமை அத்திக்கு, நன்றாகக் காய்க்கும் தாய்மரத்தின் குச்சியை விடச் சிறந்த தொடக்கம் இல்லை. இந்தக் கோடையிலேயே பழம் பார்க்க வேண்டும் என்பவருக்கு விண் பதியம். ஒட்டுக்கன்று, வேரைத் தாக்கும் நூற்புழு உள்ள நிலத்தில் நடுபவருக்கு. விதை யாருக்கும் வேண்டாம். ஆனால் இதே வரிசையைச் சப்போட்டாவுக்கோ ஜபோட்டிகாபாவுக்கோ பொருத்தினால் வருடங்கள் வீணாகும். அங்கே கணக்கு வேறு. அதையும் பின்னால் பார்ப்போம்.

தரையில் வைத்த மரம் ஐந்து வருடம் காய்க்காவிட்டாலும் நிழலாவது தரும். மொட்டைமாடியில் பெரிய தொட்டி வைக்க நல்ல வெயிலும் தாங்கும் தளமும் சேர்ந்து அமைகிற இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. காய்க்காத ஒன்று அங்கே உட்கார்ந்துவிட்டால் காய்க்கக்கூடிய ஒன்றுக்கு இடமில்லை. அதனால்தான் கன்று எப்படி உருவானது என்ற கேள்வி தோப்புக்காரரை விட மாடிக்காரருக்கு முக்கியம்.

விதை ஏன் வேண்டாம்

அத்திப்பழம் என்று நாம் சாப்பிடுவது, நூற்றுக்கணக்கான பூக்களை உள்ளே வைத்து மூடிய ஒரு பை. மத்தியதரைக் கடல் நாடுகளில் பிளாஸ்டோபாகா என்ற மிகச் சிறிய குளவி அதன் அடிக்கண் என்ற சிறு துளை வழியே உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்க்கிறது. துருக்கியின் ஸ்மிர்னா வகை அத்திக்கு அந்தக் குளவி இல்லாவிட்டால் பிஞ்சு நிற்காது. கலிபோர்னியாவில் ஸ்மிர்னா மரங்களை ஆசையாக நட்டவர்கள் பல ஆண்டுகள் பிஞ்சு உதிர்வதை மட்டுமே பார்த்தார்கள். 1899இல் குளவியைக் கொண்டுவந்து நிலைபெறச் செய்த பிறகுதான் அங்கே அந்த வகை காய்த்தது. நம் ஊரில் விற்கும் பூனா, டயானா, பிரவுன் டர்க்கி போன்றவை வேறு வகை. மகரந்தம் சேராமலே பழுக்கும்.

பூனா அத்தியைக் கடிக்கும்போது நறநறக்கும் விதைகள் பருப்பில்லாத வெறும் கூடுகள். எவ்வளவு பக்குவமாக விதைத்தாலும் முளைக்காது. முளைப்பவை குளவி நுழைந்த பழத்தின் விதைகள்; துருக்கியிலிருந்து வரும் உலர் அத்தியில் அவை உண்டு. அப்படி முளைத்த கன்றுகளில் ஏறத்தாழ பாதி, சாப்பிட உதவாத ஆண்வகை அத்தியாக வளரும். மீதியில் பெரும்பாலானவை தாயைப் போலவே குளவிக்குக் காத்திருக்கும். நம் நாட்டு அத்திக்கென்று தனிக் குளவி இருக்கிறது, அது சீமை அத்திக்கு உதவாது. சில வருடம் வளர்த்த பிறகு இதைத் தெரிந்துகொள்வதில் யாருக்கும் லாபம் இல்லை. "அத்தி விதை" என்று விற்கும் பொட்டலத்தில் இருப்பது சீமை அத்திதானா என்பதையும் விதையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

குச்சி

சீமை அத்தி வேர்விடுவதற்கென்றே பிறந்த மரம். பென்சில் தடிமனுள்ள முற்றிய குச்சி, நான்கைந்து கணு, ஒரு சாண் நீளம், இவ்வளவு போதும். இந்த மரத்துக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு: நம் ஊரில் அதன் காய் பெரும்பாலும் அந்தப் பருவத்தில் விட்ட புதுத் தளிரின் இலைக்கக்கத்தில்தான் வரும். குச்சியில் இருப்பது முற்றிய மரத்தின் திசு, ஆகவே இளமைக் காலம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வேர் பிடித்துத் தளிர் ஓடினால் காய்க்கத் தயார். வெயிலும் தீனியும் சரியாக அமைந்தால் ஓராண்டுக்குள் முதல் காய்களைப் பார்த்துவிடலாம். ஒட்டுக்கட்டுவதே பெரும்பாலான மரங்களில் இந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான். அத்தியில் அந்த வேலையைக் குச்சியே செய்துவிடுகிறது.

காலம் முக்கியம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயில் ஏறுவதற்கு முன் உள்ள மார்கழிக் கடைசியும் தையும்தான் உள்மாவட்டங்களிலும் சென்னையிலும் நல்ல பருவம். அதே சமயத்தில்தான் மரத்தைக் கவாத்தும் செய்ய வேண்டும். புனேக்கு அருகில் புரந்தர் வட்டாரத்தில் அத்திக்கு இரண்டு போகம் எடுக்கிறார்கள். மழைக்காலப் பழம் சப்பென்றும் புளிப்பாகவும் இருக்கும், வறண்ட கோடையில் பழுப்பதுதான் தேன். நம் மாடியிலும் பழம் கோடையில் பழுக்கும்படி தையில் கவாத்து செய்தால், வெட்டிப் போடும் கிளைகளே உங்களுக்கான குச்சிகள். அத்தி வைத்திருப்பவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்: "அண்ணே, பொங்கலை ஒட்டி வெட்டும்போது குப்பையில போட்டுடாதீங்க." வெட்டும்போது கையுறை அணிவது நல்லது. பால் பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்துக் கறுக்கும்.

அடி வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும், வேர் பெரும்பாலும் கணுவைச் சுற்றித்தான் கிளம்பும். பால் வடிந்து காயும்வரை நிழலில் வையுங்கள். இலை இருந்தால் கிள்ளிவிடுங்கள். வேர் ஊக்கிப் பொடி இருந்தால் தொட்டுக்கொள்ளலாம், இல்லாவிட்டாலும் அத்தி வேர்விடும்; வேறு மரங்களுக்கு வாங்கியது வீட்டில் இருந்தால் மட்டும் போதும், இதற்கென்று வாங்க வேண்டாம். கழுவிய கோகோபீட்டும் (தேங்காய் நார்த் தூள்) பெர்லைட் என்ற இலகுவான வெள்ளைத் துகளும் சரிபாதி, அல்லது கோகோபீட்டுடன் சல்லடையில் சலித்த பெருமணல். அந்தக் கலவையைக் கையில் பிழிந்தால் சொட்டு விழக்கூடாது, விரித்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும். ஓட்டையிட்ட பிளாஸ்டிக் டம்ளரில் நிரப்பி, இரண்டு மூன்று கணு உள்ளே போகும்படி ஊன்றி, மேலே இன்னொரு டம்ளரையோ பையையோ கவிழ்த்து, வெளிச்சம் உண்டு, வெயில் இல்லை என்கிற இடத்தில் வையுங்கள்.

குச்சி கெட்டுப்போவது பெரும்பாலும் தண்ணீராலும் அவசரத்தாலும்தான். தினமும் தண்ணீர் ஊற்றிப் பட்டையை அழுகவிடுவது ஒன்று. இன்னொன்று இலையை நம்புவது. குச்சிக்குள் சேமித்த உணவில் பத்துப் பதினைந்து நாளிலேயே மேலே துளிர் விரியும். அப்போது கீழே வேர் இருக்காது. "பிடிச்சிடுச்சு" என்று எடுத்துப் பெரிய தொட்டியில் வைத்து வெயிலில் நிறுத்தினால் இரண்டு நாளில் துவண்டுவிடும். டம்ளர் கண்ணாடி போல் தெளிவானதாக இருந்தால் வெள்ளை வேர் சுவரோரம் ஓடுவது தெரியும். மூன்று முதல் ஆறு வாரம் ஆகலாம். வேர் தெரிந்து, அது கொஞ்சம் பழுப்பேறிய பிறகு, மூடியை நாளுக்குச் சிறிது நேரமாகத் திறந்து பழக்கி, அடுத்த அளவுத் தொட்டிக்கு மாற்றலாம்.

குச்சியின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. தாய்மரத்து நோய் குச்சியோடு வரும். அத்தித் தேமல் வைரஸ் அப்படித்தான் ஊர் ஊராகப் பரவுகிறது: இலையில் மஞ்சள் திட்டு, கோணலான இலை, சிறுத்த காய். கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிலந்திப் பேனும் பரப்பும். தேமல் இருந்தாலும் பல மரங்கள் காய்த்துக்கொண்டுதான் இருக்கின்றன, ஆனால் தொட்டியில் வேர் இடம் குறைவு என்பதால் பலவீனம் சீக்கிரம் வெளியே தெரியும். ஆகவே குச்சி வாங்கும் முன் மரத்தை இலையோடு ஒருமுறையும் பழத்தோடு ஒருமுறையும் பாருங்கள். பதியனும் ஒட்டும் இதே நோயைக் கொண்டுவரும் என்பதால் இதில் அவற்றுக்கு மேன்மை எதுவும் இல்லை. விதையில் மட்டும் வராது; அதன் ஒரே நன்மை அதுதான்.

விண் பதியம்

கிளையில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, வழவழப்பைச் சுரண்டி, ஈரப் பாசியோ கோகோபீட்டோ வைத்து, பாலித்தீன் சுற்றி இறுக்கிக் கட்டுவது. இலை தயாரிக்கும் உணவு உரித்த இடத்தோடு தேங்குகிறது, அங்கேயே வேர் கிளம்புகிறது. தண்ணீர் கட்டை வழியே மேலே போய்க்கொண்டே இருப்பதால் கிளை வாடாது. அத்தியில் ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில் வேர் பந்து நிறைந்துவிடும்.

குச்சியோடு ஒப்பிட்டால் லாபம் எவ்வளவு? தையில் ஊன்றிய குச்சி ஆடியில் அடையும் அளவை, தையில் கட்டிய பதியன் பங்குனியிலேயே எட்டிவிடும். நம் வெப்பத்தில் வித்தியாசம் ஏறத்தாழ நான்கைந்து மாதம், அவ்வளவுதான். சில சமயம் பதியன் கட்டிய கிளையில் ஏற்கெனவே இருந்த காய் தொட்டிக்கு வந்தபின் பழுக்கும், அந்த மகிழ்ச்சி பெரியது. ஆனால் முதல் வருடத்தில் காய்களில் பாதியையாவது கிள்ளிவிட வேண்டும், வேர் கொஞ்சமும் மேலே பாரம் அதிகமுமாக இருக்கும் கன்று அது.

விலை தாய்மரம் கொடுக்கிறது. நான்கு பதியன் கட்டினால் நான்கு காய்ப்புக் கிளைகள் போகும். தொட்டியில் இருக்கும் சின்ன மரத்துக்கு அது பெரிய இழப்பு. குச்சிக்கோ எப்படியும் வெட்டி எறியப்போகும் கவாத்துக் கிளை போதும். இன்னொன்று, பதியன் கட்ட மரம் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வெளியூர் நண்பர் குச்சியை ஈரத் துணியில் சுற்றித் தபாலில் அனுப்பலாம். பதியனை அப்படி அனுப்புவது சிரமம். மாசி வெயிலில் கட்டினால் பாலித்தீனுக்கு மேல் அலுமினியத் தாளோ பழைய துணியோ சுற்றுங்கள், உள்ளே பாசி வெந்துபோகாமல் இருக்கும்.

என் பார்வையில் அத்திக்குப் பதியன் பொருந்தும் இடம் ஒன்று: தாய்மரம் உங்களுடையது, உயரமாக ஓடி அடியில் வெறுமையாகிவிட்டது, எப்படியும் தலையை வெட்டத்தான் வேண்டும். அப்போது வெட்டுவதற்கு முன் பதியன் கட்டுங்கள், ஒரு பெரிய கன்று கூடுதலாகக் கிடைக்கும்.

ஒட்டுக்கன்று

அத்தியில் ஒட்டுக்கு ஒரே வலுவான காரணம் நூற்புழு. வேர்முடிச்சு நூற்புழு சீமை அத்தியின் பெரிய எதிரி. செம்மண், மணற்பாங்கான நிலத்தில் வேர் முழுக்கக் கழலை போட்டு மரத்தை ஒடுக்கிவிடும். நாட்டு அத்தியின் வேர் அதைத் தாங்கும். அதனால் நிலத்தில் நடுபவர்கள் நாட்டு அத்தியை வேர்ச்செடியாக, அதாவது அடிச்செடியாக வைத்து அதன்மேல் பூனா வகையை ஒட்டுவது அர்த்தமுள்ளது. தொட்டியில் கலவையை நாமே சேர்க்கிறோம். வயல் மண்ணைக் குறைத்து, கோகோபீட், மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு என்று போட்டால் நூற்புழு வரும் வழியே அடைபடும். அப்படியிருக்க, ஆற்றங்கரையில் ஓங்கி வளரும் நாட்டு அத்தியின் வேரைத் தொட்டிக்குள் கொண்டுவந்து அடக்க முயல்வதில் பொருள் இல்லை. ஒட்டுக்குக் கீழிருந்து நாட்டு அத்தித் தளிர் கிளம்பிக்கொண்டே இருக்கும். கவனிக்காமல் ஒரு மழைக்காலம் விட்டால் மேலே இருந்த சீமை அத்தி காய்ந்து, கீழிருந்து வந்தது மரமாகி நிற்கும். சொந்த வேரில் நிற்கும் மரம் அடியோடு பட்டாலும் வேரிலிருந்து அதே வகை துளிர்க்கும்.

நர்சரியில் கன்றாகவே வாங்குபவர்கள் இலையைப் பாருங்கள். சீமை அத்தி இலை விரல் விரித்த கைபோல் பிளவுபட்டு, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். வழவழப்பான நீள்வட்ட இலை என்றால் நாட்டு அத்தி. தாம்பாளம் போல் பெரிய வட்ட இலை என்றால் இமயமலைப் பக்கத்துத் திம்லா அத்தி. அது வேறு இனம், அதையும் சீமை அத்தி என்றே சில இடங்களில் விற்கிறார்கள். பையின் அடியில் வேரைப் பாருங்கள், முடிச்சு முடிச்சாக இருந்தால் கன்று எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் வேண்டாம்.

வகை பற்றிச் சுருக்கமாக: கடலோர ஈரத்தில் வாழ்பவர்கள் பழத்தின் அடிக்கண் மூடியிருக்கும் வகையாகத் தேடுங்கள். கண் திறந்த பழத்தில் மழைநீரும் எறும்பும் நுழைந்து புளித்துவிடும். டயானா என்று நாம் சொல்வது கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 1970களில் வெளியிட்ட டியானா என்ற கலப்பு; பெரிய மஞ்சள்பச்சைப் பழம், கண் இறுக்கமானது. பூனா சிறியது, மணம் அதிகம். எனக்குச் சுவையில் பூனாதான் முதலிடம், ஆனால் ஐப்பசி மழையில் அதைக் காப்பாற்றுவது கடினம். எந்த வகையானாலும் மழைக்காலத்தில் இலைக்கடியில் துருநோய் ஆரஞ்சுப் பொடியாக வரும். உதிர்ந்த இலையைப் பொறுக்கி அப்புறப்படுத்துவதுதான் பாதி வைத்தியம்.

மற்ற பழங்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது

குச்சியில் எளிதாக வேர்விடுகிறதா, விதையில் தாயின் குணம் மாறாமல் வருகிறதா, விதைக்கன்று காய்க்க எத்தனை வருடம் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டால் எந்த மரத்துக்கு எந்த வழி என்பது விளங்கிவிடும்.

மல்பெரி, மாதுளை, டிராகன் பழம் மூன்றும் அத்தியின் பக்கம். குச்சியோ தண்டோ போதும், கன்றுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

வாட்டர் ஆப்பிள், இலங்கையில் ஜம்பு என்பார்கள், பதியனுக்கு உகந்தது. வேர் ஆழமாகப் போகாமல் பரவும், தண்ணீர் தாங்கும், ஒன்றிரண்டு வருடத்தில் தொட்டியிலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும். பார்படாஸ் செர்ரியும் பதியனுக்குத்தான். அதன் கொட்டைகளில் பல முளைப்பதில்லை, முளைத்தாலும் பழம் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. 100 கிராம் பழத்தில் 1000 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உள்ள இந்தப் பழத்தை, இடம் குறைவாக இருக்கும் எந்த வீட்டுக்கும் நான் பரிந்துரைப்பேன். பெரிய பெயின்ட் வாளி போதும்.

சப்போட்டாவில் பதியன் வேர்விட மாதக்கணக்கில் இழுக்கும். பாலா மரத்தின் வேர்ச்செடியில் கட்டிய ஒட்டுக்கன்றைத்தான் வாங்க வேண்டும். அந்த வேர் வறட்சியையும் உப்பையும் தாங்கும், தொட்டியில் இரண்டு மூன்று வருடத்தில் காய் வரும். ரம்புட்டானில் விதைக்கன்று ஆண்மரமாகப் போகும் வாய்ப்பு உண்டு என்பதால் மொட்டு ஒட்டுக் கட்டிய கன்று தவிர வேறு எதுவும் கூடாது. அதுவும் குற்றாலம், கன்னியாகுமரி போன்ற ஈரக்காற்று உள்ள இடத்தவருக்குத்தான்.

ஜபோட்டிகாபாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பிரேசில் நாட்டு மரம், அடிமரத்திலேயே கருந்திராட்சை போல் ஒட்டிக் காய்க்கும். இதன் குச்சியும் பதியனும் லேசில் வேர்விடாது. விதை பெரும்பாலும் தாயைப் போலவே வரும், ஆனால் புகழ்பெற்ற சபரா வகை விதையிலிருந்து காய்க்க எட்டு வருடம், அதற்கு மேலும் ஆகலாம். ரெட் ஹைப்ரிட் என்ற வகை நான்கைந்து வருடத்தில் காய்த்துவிடும். ஆகவே இங்கே தேர்வு, விதையா ஒட்டா என்பதை விட எந்த வகை, எத்தனை வயதுக் கன்று என்பதில்தான் இருக்கிறது. பணத்தைக் கன்றின் வயதுக்குக் கொடுங்கள். இரண்டு மூன்று வயது ரெட் ஹைப்ரிட் விதைக்கன்று தொட்டிக்கு அருமையான வாங்கல். அத்தியில் வயதான கன்றுக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண், இங்கே அதுவே விவேகம். வளர்ச்சி மெதுவானது என்பதும், வேர் மெல்லிய நார்களாக இருப்பதும் தொட்டிக்கு வசதியாகவே முடிகின்றன.

ஆனால் இதற்கும், புளிப்பை இனிப்பாக உணரவைக்கும் மிராக்கிள் பழத்துக்கும் ஒரு நிபந்தனை, கொஞ்சம் புளித்தன்மையுள்ள மண். சென்னை, ராமநாதபுரம், தூத்துக்குடி போன்ற ஊர்களின் உப்பேறிய போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் இலை நுனி கருகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்று, செடி வருடக்கணக்கில் அசையாமல் இருக்கும். மழைநீர் சேமிக்கும் தொட்டி இல்லாதவர்கள் இவை இரண்டையும் விட்டுவிடலாம். அத்தியோ சற்று உப்பையும் காரத்தன்மையையும் பொறுத்துக்கொள்ளும்.

லிச்சிக்குப் பதியன்தான் முறை, பீகாரின் முசாபர்பூரில் காலம் காலமாக அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் குளிர் இல்லாத சமவெளியில் அது பூக்காது. பதியன் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் திருச்சி மாடியில் இலைதான் கிடைக்கும். மங்குஸ்தானை நீலகிரி அடிவாரத்தில் கல்லாறு, பர்லியாறு அரசு பழப்பண்ணைகளில் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை வருவது இயல்பு. அந்த நிழலும் ஈரமும் ஆணிவேருக்கான ஆழமும் தொட்டியில் கிடைக்காது, காத்திருப்போ எட்டுப் பத்து வருடம். தயவுசெய்து வைக்காதீர்கள், பருவத்தில் வாங்கிச் சாப்பிடுங்கள்.

தொட்டி எது

கன்றுக்குப் பணம் மிச்சமானால் அதைத் தொட்டியில் போடுங்கள் என்பது என் வாதம். அத்திக்கு 50, 60 லிட்டர் கொள்ளளவு தாராளம். 200 லிட்டர் நீல டிரம்மைக் குறுக்காக வெட்டிய பாதியும் உகந்தது, சப்போட்டாவுக்கு அது கட்டாயம்.

இங்கே பாரத்தைக் கணக்கிடுங்கள். பாதி டிரம்மில் செம்மண்ணாகவே நிரப்பி நனைத்தால் 150 கிலோவை எட்டும். கோகோபீட்டும் மக்கிய உரமும் அதிகமுள்ள கலவை என்றால் நனைந்த பின்னும் 100 கிலோவுக்குள் நிற்கும். ஆட்கள் நடமாடும் மொட்டைமாடித் தளத்துக்கு இந்தியத் தர விதிகள் வைத்திருக்கும் பாரக் கணக்கு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. அந்த டிரம்மோ கால் சதுர மீட்டரில் உட்கார்ந்துவிடுகிறது. ஒன்றிரண்டு வைப்பதால் தளம் இறங்கிவிடாது, ஆனால் நாலைந்தை நடுத்தளத்தில் கூட்டமாக வைக்கக் கூடாது. சுவருக்கும் பீமுக்கும் மேலாக, இடைவெளி விட்டு, ஓரமாக வையுங்கள். பழைய வீடானால் கட்டட விவரம் தெரிந்த பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

க்ரோ பேக் மலிவு, இலகு, பக்கவாட்டில் காற்று போவதால் வேர் சுற்றிக்கொள்வது குறைவு. ஆனால் நம் வெயிலில் சில வருடத்தில் நைந்து கிழியும். வளர்ந்த மரத்தை அதிலிருந்து மாற்றுவது இரண்டு ஆள் வேலை. கன்றுக்குப் பை, மரத்துக்கு டிரம் என்று வைத்துக்கொள்ளலாம். மண்தொட்டி வேருக்குக் குளிர்ச்சி, ஆனால் அத்திக்குப் போதுமான அளவில் வாங்கினால் நகர்த்த முடியாது. கறுப்பு, நீல பிளாஸ்டிக் எதுவானாலும் சித்திரை வைகாசியில் மேற்கு வெயில் படும் பக்கம் வேர் வெந்துபோகும். வெளியே வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது, சாக்கு சுற்றுவது, முன்னால் சின்னச் செடித் தொட்டிகளை நிறுத்துவது எல்லாம் உதவும். அத்தியின் இலைக்கு ஆறு மணிநேர வெயில் வேண்டும், அதன் வேருக்கு நிழல் வேண்டும்.

தொட்டியைத் தரையில் நேராக வைக்காதீர்கள். அத்தி வேர் வடிதுளை வழியே வெளியே வந்து தளத்தின் விரிசலைத் தேடும். அரசும் ஆலும் அதன் உறவினர்தானே. அகலமான கால் உள்ள ஸ்டாண்டிலோ செங்கல் வரிசையிலோ நிறுத்தி, மாதம் ஒருமுறை அடியில் கைவிட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, கவாத்தோடு சேர்த்து, வேர்ப்பந்தைச் சுற்றிலும் நான்கு விரல் கனத்துக்குச் சீவி, புதுக் கலவை போட வேண்டும். சொந்த வேரில் நிற்கும் அத்தி இதைத் தாங்கி ஒரே மாதத்தில் தளிர் விடும்.

சிறு கன்றை நேராகப் பாதி டிரம்மில் வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். கொஞ்சம் வேரும் நிறைய ஈரக் கலவையும் சேர்ந்தால் அழுகல்தான். டம்ளரிலிருந்து ஐந்து லிட்டர், அதிலிருந்து 20 லிட்டர் பெயின்ட் வாளி, பிறகு டிரம் என்று படிப்படியாக ஏற்றுங்கள். அப்படி ஏறும் காலம் ஏறத்தாழ ஒன்றரை வருடம். குச்சிக்கும் பதியனுக்கும் இருந்த நான்கைந்து மாத வித்தியாசம் இதற்குள் கரைந்துபோகும். இரண்டையும் அருகருகே வைத்தால் எது எது என்று சொல்ல முடியாது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் என்னிடம் கேட்பது, மரம் வைத்தபின் வீடு மாற வேண்டி வந்தால் என்ன செய்வது என்று. அத்தி என்றால் டிரம்மைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பு ஆறு குச்சி வெட்டி டம்ளரில் ஊன்றிவிடுங்கள். மரத்தைப் பிரியமாகப் பார்த்துக்கொள்ளும் அக்கம்பக்கத்தவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, வேர்விட்ட டம்ளர்களை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு போகலாம்.